நாய்க்கதவு

எங்கள் மாளிகையின் ஓக் மரப் படிக்கட்டில் கைப்பிடி நெடுகத் திராட்சையும் மாதுளையும் செதுக்கியிருக்கும். படிக்கட்டின் அடியில் இடுப்புயரத்துக்கு ஒரு மரக்கதவு. வேட்டைநாய்கள் மேலே ஏறாமலிருக்கத்தான் அது என்று, வருகிறவர்களுக்குச் சுற்றிக்காட்டும் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து சொல்லிவருகிறேன். இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் அதற்குப் பெயரே நாய்க்கதவுதான்.

நேற்று கிளாஸ்கோவிலிருந்து வந்த கூட்டம், ‘தொடாதீர்கள்’ என்ற பலகையைப் படித்துக்கொண்டே மாதுளையைத் தடவியது. வாயில் வந்ததை விழுங்கிவிட்டு, வழக்கம்போல் நாய்க்கதையைச் சொன்னேன். அப்போது வீட்டம்மா லேடி கிரிசல் தன் நாயோடு தோட்டத்திலிருந்து உள்ளே வந்தார்.

“நாய்க்கா? யார் சொன்னா உனக்கு?”

“எல்லா வீட்லயும் அதுக்குத்தானேம்மா?”

“எங்க வீட்டு நாயெல்லாம் என் கட்டில்லதான் படுக்கும். இது என் வீட்டுக்காரருக்கு. விஸ்கி உள்ள போச்சுன்னா மனுஷனுக்குக் கொக்கி எங்க இருக்குன்னே தெரியாது. திட்டிக்கிட்டே கீழயே படுத்துடுவார்.”

கூட்டம் மொத்தமும் சுவரில் தொங்கிய அவர் கணவர் சர் லாக்லனின் படத்தை அண்ணாந்து பார்த்தது. அவர் செத்துப் பல வருஷமாகிறது.

லேடி கிரிசல் கதவைத் திறந்து உள்ளே போய், மறக்காமல் கொக்கியை மாட்டிவிட்டு மேலே ஏறினார். நாய் ஒரே தாவலில் கதவைத் தாண்டி அவர் பின்னால் ஓடியது.