அறுத்தெடுத்த பக்கம்

"நம்ம குடும்பத்துல ஒருத்தரும் விலங்கு மாட்டி வரல. கைக்காசுல டிக்கெட் எடுத்து வந்தவங்க நாம." அப்பா டெஸ்மண்ட் டில்யார்ட் சாகும்வரை இதையேதான் சொன்னார். அண்ணன் க்ளைவ் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார். பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற தங்கை வெர்னா மட்டும் நம்பவில்லை. டாஸ்மேனியாவில் எந்த வீட்டில்தான் இந்தப் பெருமை பேசவில்லை? வந்து இறங்கியதெல்லாம் சீமான்கள் என்றால், அத்தனை சிறைகளையும் கங்காருவுக்கா கட்டினார்கள்?

வருகிற சனிக்கிழமை தலைநகர் ஹோபார்ட்டில், அந்தக் காலத்தில் பிரிட்டனிலிருந்து இங்கே நாடுகடத்தப்பட்ட பெண் கைதிகளுக்கு நினைவு நாள். வாரிசுகள் வெள்ளைத் துணித் தொப்பி தைத்து, அதில் தங்கள் மூதாதையின் பெயரை நூலால் எழுதிக் கொண்டுவருவார்கள். பெயரைக் கூப்பிட்டதும், "இருக்கேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். ஆன் கிபிள் என்ற பெயரைத் தங்கள் வம்சத்தின் பழைய திருமணப் பதிவு ஒன்றில் கண்டுபிடித்து, வெர்னா தொப்பியும் தைத்துவிட்டாள். ஆனால் ஆன் கைதிதான் என்பதற்கு ஆதாரம் இல்லாமல் கூப்பிட மாட்டார்கள்.

ஆவணக் காப்பகத்தில் கைதிப் பதிவேட்டைத் திறந்தால், ஆன் கிபிளின் பக்கத்தைக் காணோம். யாரோ பிளேடு வைத்து ஓரமாக அறுத்திருந்தார்கள். அங்கே வேலை பார்க்கும் டானிகா, அந்தப் பதிவேட்டைக் கேட்டு வாங்கியவர்களின் பழைய சீட்டுகளைத் தேடி எடுத்து வந்தாள். ஒன்றில் 1961 மார்ச், டி. டில்யார்ட். தோட்டத்து ஆப்பிள் பெட்டிகளில் அப்பா விலாசம் எழுதிய அதே கோணல் கையெழுத்து.

"அடப்பாவி அப்பா!" வெர்னாவின் சத்தத்தில் எல்லாத் தலைகளும் திரும்பின.

"அந்தக் காலத்துல நிறையப் பேர் செஞ்ச வேலைதாங்க இது," என்றாள் டானிகா. "லண்டனுக்கும் ஒரு நகல் போயிருக்குன்னு பாவம், அவங்களுக்குத் தெரியாது."

நகல் கணினியிலேயே இருந்தது. ஆன் கிபிள், வயது பத்தொன்பது, சால்வை திருடியதற்கு ஏழு வருடம். இங்கே வந்தபின் செய்த குற்றங்கள் கீழே. எஜமானர் வீட்டிலிருந்து ஓடிப்போய் அனாதை விடுதி வேலியோரம் பிடிபட்டாள், மகனைப் பார்க்கப் போனதாகச் சொல்கிறாள், தண்டனை இருட்டறை. மறுபடி அதே குற்றம், மறுபடி இருட்டறை. பக்கம் முடியும்வரை வேறு குற்றமே இல்லை. வெர்னாவுக்கு அழுகை வந்துவிட்டது.

சீட்டையும் பக்கத்தையும் நகல் எடுத்துக்கொண்டு, நேராக அண்ணனின் ஆப்பிள் தோட்டத்துக்கு வண்டியை விட்டாள். க்ளைவ் கொட்டகையில் ஆப்பிள் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்.

"இந்தா, டிக்கெட் எடுத்து வந்த உன் சீமாட்டி."

"திருட்டுக் கும்பலோட நம்மளச் சேக்காதேன்னு எத்தனை தடவ சொல்றது? உனக்கு வேற வேலையே கிடையாதா?"

"அப்பாவே போய் பக்கத்த அறுத்திருக்கார். சீட்டுல தேதியப் பாரு."

க்ளைவ் கண்ணாடியை மாட்டிப் பார்த்தார். பிறகு மெல்ல ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தார்.

"அந்த வருஷம் ஏப்ரல்லதான் எனக்கும் மாவிஸுக்கும் நிச்சயம். அவ அப்பா போதகர் இல்லையா, ஹோபார்ட் போய் நம்ம வம்சத்த விசாரிச்சுட்டுத்தான் பொண்ணு தருவேன்னார்." சீட்டை மறுபடி பார்த்தார். "அறுவடை நேரத்துல அப்பா திடீர்னு பல் பிடுங்கணும்னு ஹோபார்ட் போனார். பல்லு அப்படியே இருக்க, திரும்பி வந்தார். நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன்."

ஆன் கிபிளின் பக்கத்தையும் வாங்கிப் படித்தார். அனாதை விடுதி என்ற இடத்தில் விரல் நின்றது.

"அப்ப அப்பாவும் திருடன்தான்," என்றார். "எனக்காகத் திருடியிருக்கார்."

"சனிக்கிழமை வர்றியா?"

"போடி, எனக்கு நிறைய வேலை கிடக்கு."

சனிக்கிழமை வெர்னா தனியாகத்தான் போனாள். "ஆன் கிபிள்!" என்று கூப்பிட்டார்கள். அவள் வாயைத் திறப்பதற்குள் பின்வரிசையில் நாற்காலி நகர்ந்தது. சாவு வீட்டுக்கு மட்டும் போடுகிற கறுப்புக் கோட்டில் க்ளைவ் எழுந்து நின்றார்.

"இருக்கேன்! உன் மகன் வீட்லேர்ந்து வந்திருக்கேன், ஆன்."