உச்சத்தில் இருப்பவர்களுக்கு மட்டும்

காவிரிப் படுகையின் வரலாற்றை இனிமேல் இரண்டாகப் பிரித்துத்தான் எழுத வேண்டியிருக்கும்: மன்னார்குடியில் 'உச்சம்' திறக்கப்படுவதற்கு முன், திறக்கப்பட்டதற்குப் பின். கல்லணைக்கு அடுத்தபடியாக இந்த மண்ணில் நடந்த மகத்தான காரியம் இதுதான் என்று திறப்பு விழாவில் வட்டச் செயலாளர் முழங்கினார். முந்தின வாரம் ஒரு செருப்புக்கடையைத் திறந்தபோதும் அவர் அதையேதான் முழங்கினார். ஆனால் இந்த முறை குரல் கொஞ்சம் தழுதழுத்தது என்று கேட்டவர்கள் சொன்னார்கள்.

உச்சம் என்பது தெப்பக்குளத்துக்குப் பின்தெருவில் ஓர் உரக்கடையின் மாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் வயலும் வாய்க்காலுமாகத் தட்டையாகக் கிடக்கும் ஜில்லாவில், பனி மூடிய மலைச்சிகரம் போட்ட ஃபிளெக்ஸ் ஒன்று வாசலில் தொங்கியது. 'சாதனையாளர்களுக்கான மனநல ஆலோசனை. பதவி உயர்வா? பணி ஓய்வா? பாரம் தாங்கவில்லையா? உச்சத்தில் இருப்பவர்களுக்கு மட்டும்.' கீழே சின்ன எழுத்தில், 'டிகிரி காபி உண்டு.'

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் சிங்காரவேலு அந்த மாடிக்கு ஏறினார். வயது ஐம்பத்தைந்து. சிங்கப்பூரில் ஒரு வங்கிக்குத் துணைத்தலைவர். அந்த வங்கியில் துணைத்தலைவர்கள் மட்டும் நானூறு பேர் என்பதை ஊரில் அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஆறு மாதத்துக்கு முன் கையில் ஒரு கண்ணாடிக் கோப்பையைக் கொடுத்து, கைதட்டி, அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்படி ஓர் இடம் இருப்பது மன்னார்குடிக்குப் பெருமை என்று படியேறும்போது நினைத்துக்கொண்டார். தான் ஏறிப்போவது அந்த இடத்துக்குப் பெருமை என்பதையும் சேர்த்து நினைத்துக்கொண்டார்.

மேலே மேசைக்குப் பின்னால் தங்கமணி என்ற நடுவயது அம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்தாள். அவர் தோளுக்குப் பின்னால் படிக்கட்டையும் பார்த்தாள்.

"யாருக்கு சார் பார்க்கணும்?"

"எனக்குத்தான். வேற யாருக்கு?"

"கோவிச்சுக்காதீங்க. வைத்தியம் பார்த்துக்கிற ஆளுக்கு மட்டுந்தான் காபி. கூட வந்தவங்க கீழ போய் டீ குடிச்சுக்கலாம். அதுக்காகக் கேட்டேன். உள்ள போங்க, கொண்டாறேன்."

சிங்காரவேலு திரும்பிப் பார்த்தார். படிக்கட்டில் யாரும் இல்லை. அவருடைய ஈரச் செருப்புத் தடம் மட்டும் இருந்தது. ஒரே ஆள் ஏறி வந்ததற்கு அது கொஞ்சம் அதிகமாகப் பட்டது.

உள்ளே ஏ.சி. உறுமிக்கொண்டிருந்தது. ஆலோசகர் செவ்வந்தி எழுந்து கை கூப்பினாள். சென்னையில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியவள். சுவர் முழுக்கச் சான்றிதழ். நடுவே ஒரு சிகரம், அதன்மேல் ஒரு வெள்ளைக்காரன்.

"நானும் உங்க ஊர்தான் சார். கீழத்தெரு. இராஜாங்கம் மக."

"எங்க வீட்டு வாசல்ல செங்கொடி பிடிச்ச இராஜாங்கமா?"

"அவரேதான். இப்ப இல்ல. சொல்லுங்க சார், என்ன செய்யுது?"

சிங்காரவேலு தொண்டையைச் செருமினார். "எங்க அண்ணன் என்னை நிம்மதியா இருக்க விடமாட்டேங்கிறான் டாக்டர்."

"உங்க அண்ணன் பஞ்சநதமா?" செவ்வந்தியின் பேனா நின்றது. "அப்படி ஒரு ஆளே கிடையாதுன்னு அப்பா சொல்வாரே."

"கிடையாதுதான். அதான் பிரச்சினையே."

சிங்காரவேலுவுக்கு ஆறு வயதில் ஓர் அண்ணன் பிறந்தான். பிறக்கும்போதே அண்ணனுக்கு இருபத்தொரு வயது.

எல்லாம் சட்டத்தால் வந்தது. ஒரு குடும்பம் பதினைந்து ஏக்கருக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது, மிச்சம் நிலமில்லாதவர்களுக்கு என்று எழுபதில் சர்க்கார் சொல்லிவிட்டது. வயது வந்த மகன் இருந்தால் அவன் தனிக்கணக்கு. அப்பா சாமிதுரைக்கு நிலம் இருந்தது. வயது வந்த மகன்தான் இல்லை. அறுபத்தேழில் ஆட்சி மாறிய அன்றைக்கே கதரை அவிழ்த்துவிட்டுக் கரைவேட்டி கட்டிய மனிதருக்கு இதெல்லாம் ஒரு காரியமா? ஒரே வாரத்தில் பஞ்சநதம் என்று ஒரு பிள்ளையை உண்டாக்கிவிட்டார். பையன் வடக்கே படிக்கிறான், எந்த நிமிஷமும் வந்துவிடுவான் என்று சொல்லிவைத்தார். விசாரிக்க அதிகாரி வந்த அன்று கொடியில் பெரிய ஆள் சட்டை ஒன்று காய்ந்தது. பந்தியில் பஞ்சநதத்துக்கு ஓர் இலை போட்டிருந்தது. அம்மா அமிர்தத்துக்கு அப்போது வயது முப்பத்திரண்டு. பதினோரு வயதிலா பெற்றாள் என்று அதிகாரி கேட்கவில்லை. சாப்பாடு அப்படி.

அதிகாரி போனபிறகும் இலை நிற்கவில்லை. திடீரென்று யாராவது வந்துவிட்டால்?

வரத்தான் செய்தார்கள். அறுவடை முடிந்த கையோடு இராஜாங்கம் தலைமையில் கீழத்தெரு முழுக்க வாசலில் வந்து நின்றது. "பஞ்சநதமே, வெளியே வா! முகத்தைக் காட்டு, இல்லே நிலத்தைக் கொடு!" நாள் தவறாமல் வந்து கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர்களும் பஞ்சநதத்தை நம்பவில்லை, அவனைப் பெற்றவரும் நம்பவில்லை. அந்த ஊரில் அவனை நம்பிய ஒரே ஆள், கதவுக்குப் பின்னால் நின்றிருந்த ஆறு வயதுச் சிங்காரவேலு.

"அப்பா வாசல்ல நின்னாங்க. அம்மா அடுப்படியில. வீட்டுல வேற ஆள் இல்ல. அப்ப நெல்லு வைக்கிற அறைக்குள்ளேருந்து யாரோ கனைச்சாங்க டாக்டர். 'இதோ வர்றேன்'னு சொல்றதுக்கு முன்னாடி கனைப்பாங்களே, அந்த மாதிரி."

"வந்தாரா?"

"வரல. அன்னைலேருந்து அந்தக் கனைப்பு மட்டும் என்கூடவே வருது."

கீழத்தெருக்காரர்கள் வழக்கு, சிறை என்று அலைந்து ஓய்ந்துபோனார்கள். பஞ்சநதம் ஓயவில்லை. அப்பா வாயில் வளர்ந்தான். சிங்காரவேலு பன்னிரண்டாம் வகுப்பில் மாவட்டத்தில் இரண்டாவதாக வந்தபோது அப்பா சொன்னார்: "பஞ்சநதமா இருந்தா முதல்ல வந்திருப்பான்." சிங்கப்பூர் வேலை கிடைத்தபோது தெருவில் சொன்னார்: "பெரியவன் டெல்லியில இதைவிடப் பெரிய இடத்துல இருக்கான், அவன் சொல்லிக்கிறதில்ல." பொய்யாகச் சொல்ல ஆரம்பித்தவருக்கு, சொல்லிச் சொல்லி அதில் எது பொய் என்பது மறந்துபோனது. சாகிற அன்று, கட்டிலைச் சுற்றி நின்றவர்களைத் துழாவிப் பார்த்து, "பெரியவன் வந்துட்டானா?" என்று கேட்டார்.

"நான் வந்துட்டேம்பா" என்றார் சிங்காரவேலு, விமானம் ஏறி ஓடி வந்தவர்.

"நீ இல்லடா" என்றார் அப்பா. அதுதான் அவருடைய கடைசிப் பேச்சு.

"இப்ப ஊருக்கே வந்துட்டேன். அந்த நெல்லு அறையை இடிச்சுக் கட்டி ட்ரெட்மில் வாங்கிப் போட்டேன். வாங்குனதோட சரி, நான் ஏறினதில்ல. காலையில போய்த் தொட்டுப் பார்த்தா சுடுது டாக்டர். யாரோ ராத்திரியெல்லாம் ஓடியிருக்கிற மாதிரி."

"வீட்டுல அம்மா ஏறுவாங்களோ?"

"என் பொண்டாட்டியா? அவ தெருமுனைக்கே ஆட்டோவுல போவா." சிங்காரவேலு முன்னால் குனிந்தார். நானூறு துணைத்தலைவர்களில் ஒருவராக இருந்த முகம் ஆறு வயதுக்குப் போய்விட்டிருந்தது. "அவனை அனுப்பிடணும். சாகறதுக்குள்ள ஒரே ஒரு தடவை நான் முதல்ல வரணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்."

செவ்வந்தி தலையசைத்தாள். இதற்கென்றே ஒரு முறை இருக்கிறதாம். காலி நாற்காலி முறை. உலகத்தில் பெரிய பெரிய ஊர்களில் எல்லாம் செய்கிறார்களாம். மூலையில் கிடந்த ரெக்சின் நாற்காலியை இழுத்து அவர் எதிரே போட்டாள்.

"உங்க அண்ணன் இதுல உட்கார்ந்திருக்கிறதா நெனச்சுக்குங்க. மனசுல இருக்கிறதையெல்லாம் கேட்டுடுங்க. கடைசியா 'போயிட்டு வா'ன்னு சொல்லி அனுப்பிடுங்க. அதோட முடிஞ்சுது. எங்க, கூப்பிடுங்க பார்ப்போம்."

சிங்காரவேலு வாயைத் திறந்தார். ஐம்பது வருஷமாகத் தொண்டையில் இருந்த பெயர் வெளியே வர மறுத்தது. கூச்சமா, பயமா என்று அவருக்கே தெரியவில்லை.

"பரவால்ல சார், நான் கூப்பிடுறேன்." செவ்வந்தி நாற்காலியைப் பார்த்துப் பயிற்சியில் கற்றுக்கொடுத்த புன்னகையைப் போட்டுக்கொண்டாள். "பஞ்சநதம் சார், வெளிய வாங்க."

அவள் அப்பா வெயிலில் நின்று தொண்டை கிழியக் கூப்பிட்ட அதே பெயர். பாவம், அவர் ஒரு நாளாவது மரியாதையாகக் கூப்பிட்டுப் பார்த்திருக்கலாம். மிராசுதார் வீட்டுப் பிள்ளை, அதை எதிர்பார்த்திருக்கும்.

மின்சாரம் போனது. ஏ.சி.யின் உறுமல் அடங்கி, தகரக் கூரையில் மழை மட்டும் கேட்டது. பிறகு, அறைக்குள்ளேயே, மிக அருகில், யாரோ கனைத்தார்கள்.

எதிர் நாற்காலியின் ரெக்சின் மெத்தை மெதுவாக, காற்று இறங்கும் சத்தத்தோடு, அமுங்கியது. முதலில் நடு, பிறகு ஓரம். கனமான ஆள். நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார் என்பது முதுகுப் பக்கத்துச் சுருக்கத்தில் தெரிந்தது.

செவ்வந்தி அலறுவாள் என்று சிங்காரவேலு காத்திருந்தார். தான் அலறுவதற்கு அவள் ஆரம்பித்துவைத்தால் சௌகரியமாக இருக்கும். அவளோ பேனாவை எடுத்துக்கொண்டாள்.

"வணக்கம் சார். சொல்லுங்க." சற்று நிறுத்தம். "அப்படியா?" இன்னும் நீளமான நிறுத்தம். "அடக் கடவுளே. எத்தனை வயசுலேருந்து?"

"என்ன சொல்றான்?" சிங்காரவேலுவுக்கு மழையைத் தவிர எதுவும் கேட்கவில்லை.

"உஷ். பேசவிடுங்க சார் அவரை." கொஞ்ச நேரம் கழித்து அவள் திரும்பியபோது கண்ணோரம் ஈரமாக இருந்தது. "ஒரு தடவைகூடத் தோத்ததில்லையாம் சார். தோக்க விடலையாம். உங்கப்பா வாயைத் திறக்கிறப்பல்லாம் ஒரு பதவி உயர்வு. ஒரு நாள் லீவு கிடையாது. சின்னப் புள்ளையா இருந்ததே இல்லையாம். இலை மட்டும் போடுவீங்களாம், ஒரு பருக்கை சாப்பிட முடிஞ்சதில்லையாம். ராத்திரியில தூக்கம் வராம ஓடிக்கிட்டே இருக்காராம்."

"டாக்டர், வைத்தியத்துக்கு வந்தது நான்."

"உங்களுக்கு இல்லைன்னு சொல்லல சார். உங்களுக்கும் இருக்கு." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள், நாற்காலிக்குக் கேட்கக் கூடாதென்று. "ஆனா ரெண்டு பேரையும் பக்கத்துல வச்சுப் பார்த்தா, மன அழுத்தம் அவருக்குத்தான் ஜாஸ்தி."

மாவட்டத்தில் இரண்டாவது என்று தெரிந்த அந்த மத்தியானம் சிங்காரவேலுவுக்கு அப்படியே வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. இதிலுமா?

கதவைக் காலால் தள்ளிக்கொண்டு தங்கமணி வந்தாள். தட்டில் இரண்டு பித்தளை டபரா. ஒன்றை டாக்டர் முன்னால் வைத்தாள். இன்னொன்றை, கொஞ்சமும் தயங்காமல், எதிர் நாற்காலிப் பக்கத்து ஸ்டூலில் வைத்தாள். "சூடா இருக்கு சார், பார்த்து" என்று அந்த நாற்காலியிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க," என்றாள் செவ்வந்தி. "நீங்க கொஞ்சம் வெளிய இருந்தா அவர் இன்னும் மனசு விட்டுப் பேசுவார். குடும்பத்து ஆளுங்க பக்கத்துல இருந்தா இவங்க மாதிரி பெரிய ஆளுங்களுக்குத் தயக்கம் வரும்."

சிங்காரவேலு எழுந்தார். ஏன் எழுந்தோம் என்று யோசிப்பதற்குள் கால் கதவருகே வந்திருந்தது. அப்போதுதான் முதல்முறையாக அந்தக் குரல் அவருக்குக் கேட்டது. அப்பாவின் குரல் மாதிரியே இருந்தது. இன்னும் கொஞ்சம் படித்த குரல், அன்பான குரல்.

"போயிட்டு வா, தம்பி."

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். உள்ளே காபியை உறிஞ்சும் சத்தம் இரண்டு தினுசாகக் கேட்டது. பிறகு செவ்வந்தி சிரித்தாள். அவளோடு சேர்ந்து இன்னொருவரும் சிரித்தார், ரொம்ப வருஷம் சிரிக்காமல் இருந்தவர் மாதிரி, கனைத்துக் கனைத்து. சிங்காரவேலுவுக்குச் சூடாக ஏதாவது உள்ளே போனால் தேவலை என்று தோன்றியது.

"அம்மா, ஒரு காபி கிடைக்குமா?"

தங்கமணி நிமிர்ந்து அவரை முதல்முறை பார்ப்பதுபோலப் பார்த்தாள். "நீங்க யாரு சார்?"

"உள்ள இருக்காரே," என்றார் சிங்காரவேலு, "அவரோட தம்பி."

கூட வந்தவர்களுக்குக் காபி கிடையாது.