பாண்டீஸ்வரியின் தடத்தில் புல் முளைத்த கதை

1

இந்தக் கதை ஒரு புல்விதைப் பாக்கெட்டின் முதுகிலிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 'வேர் பிடிக்கும்வரை யாரும் மிதிக்கக் கூடாது' என்று அச்சிட்டிருந்தது. யாரும் என்றால் யார்? விதை விற்பவருக்கு அந்தக் கேள்வி தேவையில்லை. கதை எழுதுகிறவனுக்கு அதை விட்டால் பிழைப்பில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

'வைகையில் வெள்ளம் கரைபுரண்ட அந்த ஐப்பசி மாதத்தில்

(நிறுத்திவிட்டேன். கதை நடப்பது ஆனையூரில், ஒரு வீட்டுப் புல்தரையில். அங்கே வெள்ளம் என்பது ரப்பர் குழாயில் வருவதுதான்.)

2

வெள்ளைத்துரை தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரும் தம்பி அழகுபாண்டியும் ஒரு மனையை இரண்டாகப் பிரித்து அடுத்தடுத்து வீடு கட்டியிருந்தார்கள். நடுவில் சுவர் எழுப்பவில்லை. அண்ணன் பங்கில் ஒரு புல்தரை. அதன் குறுக்கே, தம்பி வீட்டு அடுப்படி வாசலிலிருந்து அண்ணன் வீட்டு அடுப்படி வாசல்வரை, வகிடு எடுத்ததுபோல ஒரு சொட்டைத் தடம்.

தடம் போட்டவள் தம்பி மனைவி பாண்டீஸ்வரி. காலையில் கறிவேப்பிலைக்கு வருவாள், மதியம் குழம்போடு வருவாள், சாயங்காலம் ஒன்றும் இல்லாமலே வருவாள். வெள்ளைத்துரையின் மனைவி தாமரைச்செல்விக்கு அவள் வராத பொழுது பொழுதே இல்லை.

(ஓரகத்திகளைச் சண்டை போடவைத்தால் கதை சுலபமாக நகரும். எழுதியும் பார்த்தேன். இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். விட்டுவிட்டேன்.)

3

ஓய்வு பெற்ற மனிதரின் கண்ணுக்குச் சொட்டை மட்டும்தான் தெரியும். ஆடி பிறந்ததும் வெள்ளைத்துரை அந்தத் தடத்தைக் களைக்கொத்தால் கிளறினார். மட்கிய எருவைக் கலந்தார். விதையை மணலோடு பிசிறித் தூவி, பலகையால் அமுக்கி, பூவாளியால் தண்ணீர் தெளித்தார். விதை பொறுக்க வந்த மைனாக்களோடு தனியாக ஒரு போர் நடத்தினார். கடைசியில் நாலு பக்கமும் நைலான் கயிறு கட்டி, அட்டையில் எழுதித் தொங்கவிட்டார்: 'புல் விதைத்துள்ளது. நடக்காதீர்.'

அந்த அட்டைக்கு இருந்தது ஒரே ஒரு வாசகி. (என் கதைகளைவிட ஒன்றும் மோசமில்லை.) புளிக்குழம்புக் கிண்ணத்தோடு வந்தவள் நின்றாள், படித்தாள், திரும்பிப் போனாள்.

அன்று மதியம் தாமரைச்செல்வி கேட்டாள்: "அந்த வழியா நடக்கிறது ஒலகத்துலயே ஒருத்திதான். பேரையே எழுதியிருக்கலாம்ல?"

"முளைக்கிற வரைக்கும்தான. தெரு வழியா சுத்தி வரட்டும்."

"சுத்தி வாரதுக்கு அவ என்ன விருந்தாளியா?"

4

இந்த இடத்தில் எனக்கு வெள்ளைத்துரை மேல் சந்தேகம் வந்தது. ஒருவேளை கல்நெஞ்சக்காரரோ? மீசை வைத்து முறுக்கவிட்டுப் பார்த்தேன். ஒட்டவில்லை. முதல் பச்சை எட்டிப் பார்த்த காலையில், பேரன் வாயில் பல் முளைத்திருப்பதைப் பார்ப்பதுபோலக் குனிந்து பார்த்து, கைப்பேசியில் படம் பிடித்து, தம்பிக்கே அனுப்பிவைத்த மனிதர் அவர். அவரை எப்படி வில்லனாக்குவது?

பாண்டீஸ்வரி தெரு வழியாகவும் வரவில்லை.

பொறுக்கமுடியாமல் ஒருநாள் தாமரைச்செல்வியே தெருவைச் சுற்றிக்கொண்டு போனாள். போன வேகத்தில் திரும்பி வந்து படியில் உட்கார்ந்தாள்.

"என்ன, உடனே வந்துட்ட?"

"எனக்குச் சேர் போட்டா."

"போட்டா என்ன?"

"தொடச்சுப் போட்டா. 'காபி சாப்பிடுறீங்களாக்கா'ன்னு கேட்டா. அவ வீட்டு அடுப்படித் தரையில உக்காந்து, சட்டியில இருந்து எடுத்துத் திங்கிறவ நான். என்னையக் கேக்குறா." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

வெள்ளைத்துரை புல்லைப் பார்த்தார். நன்றாகத்தான் வந்திருந்தது.

5

மறுநாள் காலையில் கயிற்றை அவிழ்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, மைனாவைக்கூட உட்காரவிடாத அந்தப் புல்லை மிதித்துக்கொண்டே போய், தம்பி வீட்டு அடுப்படி வாசலில் நின்றார்.

"ஏத்தா, கயித்தை எடுத்துட்டேன்."

"எதுக்கு மாமா? புல்லு வரட்டும்."

"அது வந்திருச்சு. நீதான் வரல."

(இதற்குப் பிறகு அவளை அழவைத்தேன். பொய்யாக இருந்தது, அந்த வரியை அடித்துவிட்டேன். 'வரமாட்டேன்' என்று சொல்லவைத்தேன். தாமரைச்செல்வி என்னை மன்னிக்கமாட்டாள், அதையும் அடித்துவிட்டேன். ஆகவே நடந்ததையே எழுதுகிறேன்.)

பாண்டீஸ்வரி அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு புல்லின் ஓரம்வரை வந்தாள். குனிந்து ஒரு தாளைக் கிள்ளி விரலில் உருட்டினாள்.

"இதுக்கா மாமா கயிறு கட்டுனீங்க? இது நம்ம அருகம்புல்லுல்ல?"

"பாக்கெட்டுல பெர்முடா புல்லுன்னு போட்டிருந்துச்சு."

"என்னமும் போடட்டும். நாளைக்குப் பிள்ளையார் சதுர்த்தி. மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குப் போயி வாங்கணுமேன்னு நெனச்சேன்."

நேராக நடுவில் போய் உட்கார்ந்து பறிக்கத் தொடங்கினாள். சத்தம் கேட்டு வந்த தாமரைச்செல்வி உள்ளே ஓடி ஒரு தாம்பாளத்தோடு வந்து எதிரே சம்மணமிட்டாள். எங்கே விட்டார்களோ அங்கிருந்தே பேச்சு தொடங்கியது. கை அதுபாட்டுக்குப் பறித்தது. சில தாள்கள் வேரோடு வந்தன. அங்கங்கே செம்மண் தெரிந்தது.

வெள்ளைத்துரை வாயைத் திறந்தார்.

'அடியே, வேரோட

'போதும்மா, போதும், பிள்ளையாருக்கு இம்புட்டு

இரண்டும் சரிப்படவில்லை. அவர் என்ன சொன்னார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். சத்தமாக மட்டும் வேண்டாம், அவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.