உதடு திரும்பிய பக்கம்

பின்கதவைப் பூட்டச் சொன்னது யார்?

ஹெல்ம்ஸ்லி ஆங்கிலத்தில் கேட்டதை நான் எங்கள் ஸ்பானிய மொழியில் சொன்னேன். காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய விசாரணை அதிகாரி அவர். நிகராகுவாவுக்கு நேற்றுத்தான் வந்து இறங்கியிருந்தார். நான் லிஹியா, மீன் பதனிடும் இந்தத் தொழிற்சாலையில் டைப்பிஸ்ட். இன்று மட்டும் மொழிபெயர்ப்பாளர்.

சாப்பாட்டுக் கூடத்தில் பேக்கிங் பெண்கள் சுவரோரம் நின்றார்கள். முன்னால் டொமித்திலா உட்கார்ந்திருந்தாள். குளிரூட்டும் குழாயிலிருந்து அம்மோனியா வாயு கசிந்த அன்று, பூட்டிய கதவை அறைந்து அறைந்தே செத்துப்போன மார்லிங்கின் தாய். பூட்டச் சொன்னவன் பெயர் வெளியே வராவிட்டால், 'பெண்ணின் கவனக்குறைவு' என்று கோப்பை மூடிவிடுவார்கள்.

ஜன்னலருகே சூப்பர்வைசர் அர்குவேயோ. இடுப்பில் சாவிக்கொத்து.

காவலாளி எவுசேபியோ பதில் சொன்னார். முகவாயைத் தூக்கி, உதட்டைக் குவித்து, ஜன்னல் பக்கம் ஒரு வெட்டு. உப்பு எங்கே, பஸ் எங்கே, திருடன் எங்கே, எல்லாவற்றுக்கும் இங்கே அதுதான் விரல்.

ஹெல்ம்ஸ்லி சிரித்துவிட்டார். யாருக்கு முத்தம் கொடுக்கிறார் என்று என்னைக் கேட்டார்.

"என்னடி சொல்றான்?" என்றாள் டொமித்திலா.

மறைக்க எனக்கு மனமில்லை. சொன்னேன்.

அவள் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. "எம் பொண்ணு செத்த இடத்துல எவன்டா முத்தத்தப் பத்திப் பேசறது?"

அது முத்தம் இல்லை, ஆளைக் காட்டினார் என்று ஹெல்ம்ஸ்லியிடம் விளக்கினேன். அவர் கையை உயர்த்தித் தடுத்தார். வார்த்தைகளை மட்டும் மொழிபெயர்த்தால் போதும், சொந்தச் சரக்கைச் சேர்க்க வேண்டாம் என்றார். சாட்சி பதில் சொல்லவில்லை என்று எழுதத் தொடங்கினார்.

அர்குவேயோ இளித்தான். "வயசாச்சுல்ல, வாய் கோணிக்குது. அதையும் சொல்லும்மா லிஹியா."

சொன்னேன். நாக்கு எரிந்தது.

அவனுக்குத் தெரியாதா அந்த உதட்டுக்கு என்ன அர்த்தம் என்று? எவுசேபியோவின் குடிசை நிற்பது அவன் மனையில். வாய் திறந்தால் வீடு போகும். அந்தத் தைரியத்தில்தான் அந்த இளிப்பு.

காதை மூடிக்கொண்டு கண்ணைத் திறந்து பாருங்கள் என்று ஹெல்ம்ஸ்லியிடம் சொல்லிவிட்டு, பெண்கள் பக்கம் திரும்பினேன்.

"பின்கதவு சாவி யார்கிட்ட இருந்துச்சு?"

அத்தனை உதடுகளும் குவிந்து ஜன்னலைக் காட்டின.

அர்குவேயோ நகர்ந்து தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் போனான். உதடுகள் டிரம்மைக் காட்டின. அங்கிருந்து சமையலறைப் பக்கம் ஒதுங்கினான். உதடுகளும் கூடவே திரும்பின, குறிவைத்த துப்பாக்கிகள் மாதிரி.

ஹெல்ம்ஸ்லியின் பேனா நின்றது. அவர் பார்வை சாவிக்கொத்தில் விழுந்தது.

அர்குவேயோ வாசலுக்குப் பாய்ந்தான். டொமித்திலா அதற்குள் கதவைச் சாத்தி, அதில் முதுகைக் கொடுத்து நின்றிருந்தாள்.

"வழிய விடு. கதவத் தொற."

"எம் பொண்ணும் இதத்தான் கத்தினா." அவள் குரல் உயரவே இல்லை. "நீ தொறந்தியா?"

எவுசேபியோ தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். குடிசை இருக்கும் திசையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு நேராக ஹெல்ம்ஸ்லியின் முகத்துக்கு எதிரே போய் நின்றார்.

"ரொசெந்தோ அர்குவேயோ," என்றார், கடைசிச் சுவர்வரை கேட்கும்படி. "பூட்டச் சொன்னதும் அவன்தான், சாவிய எடுத்துட்டுப் போனதும் அவன்தான். வார்த்தைதானே வேணும் இந்த ஆளுக்கு? எழுதிக்கச் சொல்லு."