ரிமூவ் படித்தவள்

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க. உங்க விண்ணப்பத்துல பதினேழாவது கேள்வியைப் பத்திக் கொஞ்சம் பேசணும்" என்றாள் ஹேமா.

ஹேமாவுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. ஷா ஆலமில் புதிதாக எழும்பியிருக்கும் அந்த அனைத்துலகப் பள்ளியில், ஆசிரியர்களை வேலைக்கு எடுக்கும் பிரிவில் இருக்கிறாள். தண்ணீர் போத்தலை நகர்த்தி வைத்து, கதவைச் சாத்தி, குரலைத் தாழ்த்திக்கொண்டதைப் பார்த்தால், பெரிய வியாதியின் பெயரைச் சொல்லப்போகும் டாக்டர் மாதிரி இருந்தது.

"பேசும்மா, பேசத்தானே வந்திருக்கேன்" என்றாள் உஷாராணி.

"எந்தப் பள்ளியிலாவது, வகுப்பிலயாவது உங்களை ரிமூவ் பண்ணியிருக்காங்களான்னு கேட்டிருக்கு. நீங்க ஆமான்னு டிக் பண்ணியிருக்கீங்க."

"ஆமா."

"வருஷம் எண்பத்தாறுன்னு வேற எழுதியிருக்கீங்க."

"எண்பத்தஞ்சுல ஆறாம் வகுப்பு முடிச்சேன். அப்ப எண்பத்தாறுதானே?"

"என்ன நடந்துச்சு டீச்சர்?"

"என்ன நடக்கும்? எல்லாருக்கும் நடந்ததுதான். எங்க வகுப்புல நாப்பத்திரண்டு பேர். மொத்தமா போனோம்."

"நாப்பத்திரண்டு பேரையுமா? சண்டையா? கேங் கேஸ் ஏதாவதா?"

"எந்த கேங்? எனக்குப் பன்னிரண்டு வயசு பிள்ளே! ரெட்டைச் சடை!"

உஷாராணி அந்தத் தாளை இழுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஆங்கிலத்தில் இருந்த கேள்வியை முதல் முறையாக முழுவதும் படித்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை, கிள்ளான் வீட்டில், இட்லிச் சட்டி அடுப்பில் இருக்கும்போது அதை நிரப்பியது தப்பு. "இங்க பாருங்க, ரிமூவ் படிச்சேனான்னு கேக்கறாங்க" என்று அவள் கத்த, அவள் கணவர் ராதாகிருஷ்ணன் குளியலறையிலிருந்தே, "பரவால்லயே, வெள்ளைக்காரனுக்கு நம்ம சிஸ்டம் தெரிஞ்சிருக்கே! ஆமான்னு போடு, பொய் சொல்லாதே" என்று பதில் கத்த, அவளும் பேனாவை அழுத்தி ஒரு டிக் போட்டுவிட்டாள்.

மலேசியாவில் அந்தக் காலத்தில் தமிழ்ப்பள்ளியிலும் சீனப்பள்ளியிலும் ஆறு வருஷம் முடித்த பிள்ளைகள் நேராக இடைநிலைப்பள்ளியின் முதலாம் படிவத்துக்குப் போய்விட முடியாது. மலாய் மொழி பழகுவதற்காக நடுவில் ஒரு வருஷம் உட்கார வேண்டும். அந்த வகுப்புக்கு ஆங்கிலத்தில் ரிமூவ் என்று பெயர். தமிழில் அழகாகப் புகுமுக வகுப்பு என்று சொல்வார்கள், மேடையில் சொல்வார்கள். வீட்டில் சொன்னவர்கள் யாரும் இல்லை. 'அக்கா ரிமூவ்ல இருக்கு', 'தம்பி ரிமூவ் படிக்கிறான்', அவ்வளவுதான். அந்தச் சொல்லுக்கு விரட்டுவது என்று ஓர் அர்த்தம் இருப்பது முப்பத்தெட்டு வருஷமாக உஷாராணிக்கு உறைக்கவே இல்லை.

ஹேமா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஐயோ டீச்சர்! எங்கம்மாவும் ரிமூவ்தான்!"

"அப்ப உங்கம்மாவையும் பிடிச்சு வெளியே தள்ளியாச்சு. இல்லைன்னு மாத்திடும்மா. இது வேற கேள்வி."

அதோடு முடிந்திருக்க வேண்டியது. கமலநாதன் உள்ளே வந்தார்.

கமலநாதன் பள்ளியின் பாடத்திட்ட இயக்குநர். பிரிக்பீல்ட்ஸில் பிறந்து லண்டனில் படித்தவர் என்று பள்ளியின் வலைத்தளத்தில் படத்தோடு போட்டிருந்தது. வெள்ளை முழுக்கைச் சட்டை. சட்டைப்பையில் ஒரு பென்சில். அந்த அறையே அவருடையதுதான். நாற்காலிக்குப் பின்னால் சுவர் முழுக்க ஒரு அட்டவணை, அவரே தயாரித்தது. பின்லாந்து, இங்கிலாந்து, ஜப்பான், கொரியா, ஆஸ்திரேலியா, மலேசியா என்று நாட்டுக்கு ஒரு வரிசை; வகுப்புக்கு ஒரு வண்ணக் கட்டம். எந்த நாட்டிலிருந்து பிள்ளை வந்தாலும் இங்கே எந்த வகுப்பில் போடுவது என்று விரலை வைத்தால் சொல்லிவிடும். ஷா ஆலம் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்த வெளிநாட்டுக்காரர்களின் பிள்ளைகள்தான் அங்கே பாதி.

ஹேமா நடந்ததைச் சொன்னாள். அவர் அளவாகச் சிரித்தார். பிறகு உஷாராணியின் படிப்பு விவரம் எழுதிய பக்கத்தைத் திருப்பினார்.

"டீச்சர், இந்த வரியையும் எடுத்துடலாம்னு நினைக்கிறேன். 'ரிமூவ் வகுப்பு, 1986.' நம்ம டீச்சர்ஸ் புரொபைல் வலைத்தளத்துல போகும். பெற்றோர் படிப்பாங்க. ஒரு வருஷம் பின்தங்கினவங்க மாதிரி தெரியும். தொடக்கப்பள்ளி எண்பதிலேர்ந்து எண்பத்தாறு வரைக்கும்னு போட்டுட்டா யாரும் எண்ணிப் பார்க்கப்போறதில்ல லா."

"நான் எண்ணிப் பார்ப்பேனே சார். கணக்கு டீச்சர்."

"வேலை உங்களுக்கு வேணும்தானே?"

வேணும். கிள்ளானில் ஒரே தமிழ்ப்பள்ளியில் இருபத்தாறு வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள், படுக்கையில் விழுந்த மாமியாரைப் பார்த்துக்கொள்ள ஐம்பது வயதில் விருப்ப ஓய்வு வாங்கினாள். மாமியார் போய்ச் சேர்ந்து எட்டு மாதமாகிறது. வீட்டில் சுவரைப் பார்த்தால் வெண்பலகை மாதிரி தெரிகிறது. "நேத்து எனக்கு மீன் வாங்கற கணக்கை மூணு படியா விளக்கறே. எங்கேயாவது வேலைக்குப் போய்டு தாயே" என்று ராதாகிருஷ்ணனே கெஞ்சியதில்தான் இந்த விண்ணப்பம். இந்த வயதில் அவளைக் கூப்பிட்ட ஒரே பள்ளி இதுதான்.

"மாதிரிப் பாடம் எடுக்கச் சொன்னீங்களே" என்றாள். "அதை முடிச்சுட்டு வந்து பேசலாமா?"

இருபது நிமிஷப் பாடம், பின்னம். கமலநாதனும் ஹேமாவும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். வகுப்பு ஆசிரியை வாசலிலேயே உஷாராணியின் காதில் ஓதிவிட்டாள்: சன்னலோரம் இருக்கும் கொரியப் பெண் சொயோன் கூட்டல் கழித்தலில் புலி, பின்னம் என்றால் பூஜ்யம். ஒரு தவணை முழுக்கத் தனி வகுப்பு வைத்தும் பயனில்லை.

உஷாராணி ஆங்கிலத்தில், நாலு துண்டாக வெட்டிய ரொட்டியில் மூன்றைத் தின்றாயிற்று, 'திரீ ஓவர் ஃபோர்', எழுதுங்கள் என்றாள். மேசை மேசையாகப் பார்த்துக்கொண்டே போனாள். சொயோன் மேலே நாலும் கீழே மூன்றும் போட்டிருந்தாள். தலைகீழ். உஷாராணி அந்த நோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெகுகாலம் பார்க்காத சொந்தக்காரியை பாசார் மலாம் இரவுச் சந்தையில் பார்த்தது போல ஆகிவிட்டது அவளுக்கு.

"உங்க மொழியில இதை எப்படிச் சொல்வே?"

பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அதுல எந்த எண் முதல்ல வருது?"

"ஃபோர்."

"எனக்கும் அப்படித்தான்!" என்று உஷாராணி போட்ட சத்தத்தில் பின்னால் ஹேமா துள்ளிவிட்டாள். பலகையில் தமிழில் பெரிதாக எழுதினாள்: நான்கில் மூன்று. "என் மொழியிலயும் கீழ் எண் முதல்ல. நீயும் நானும் கீழேர்ந்து ஏறுவோம். இங்கிலீஷ்காரங்க மேலேர்ந்து இறங்குவாங்க. உனக்குக் கணக்கு வரலைன்னு யாரு சொன்னா? உனக்குப் படி தெரியும், எந்தப் பக்கம் ஏறணும்னுதான் யாரும் சொல்லலை."

சொயோன் அடுத்த ஐந்தையும் சரியாக எழுதினாள். ஆறாவது தலைகீழாகப் போனது. தானே அழித்து மாற்றினாள்.

அறைக்குத் திரும்பியதும் கமலநாதன் கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டார். "அந்தப் பெண்ணோட அம்மாவை ரெண்டு தடவை கூப்பிட்டுப் பேசினோம். உங்களுக்கு ரெண்டு நிமிஷத்துல எப்படித் தெரிஞ்சது?"

"ரெண்டு நிமிஷம் இல்ல சார், ஒரு வருஷம். அதைத்தான் நீங்க எடுத்துடச் சொல்றீங்க."

அவர் அந்தப் பக்கத்தை மறுபடி கையில் எடுத்தார். அவள் விடவில்லை.

"ரிமூவ்ல மலாய் டீச்சர் 'திகா பெர் உம்பாட்'ம்பாங்க. மூணு முதல்ல, நாலு பிறகு. நாங்க கேட்ட வரிசையிலயே மூணைக் கீழ போட்டு நாலை மேல ஏத்துவோம். அத்தனை பேருக்கும் சைபர். மரமண்டைங்கன்னு நினைச்சுட்டாங்க. ஒருநாள் கேன்டீன்ல என் கூட்டாளி மலர் பார்க்கிறா, பக்கத்து மேசைச் சீனப் பெண்ணோட நோட்லயும் தலைகீழ்! கேட்டா, அவ மொழியிலயும் கீழ் எண்தான் முதல்ல. மூணு பேரும் ஓடிப்போய் டீச்சர்கிட்ட சொன்னோம். அந்த அம்மா நல்லவங்க. உட்கார்ந்து கேட்டாங்க. அன்னிக்கு வகுப்புல பாதிப்பேர் முட்டாள்லேர்ந்து புத்திசாலியானோம் சார், ஒரே மத்தியானத்துல."

"அதெல்லாம் சரி டீச்சர், ஆனா பெற்றோர்..."

"பெற்றோருக்கு நான் பதில் சொல்றேன். இந்தாங்க, உங்க சுவத்துல பின்லாந்து. ஏழு வயசுலதான் பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பறாங்கன்னு உலகமே கொண்டாடுது. நானும் ஏழு வயசுலதான் போனேன், எவனும் கொண்டாடலை. இங்கிலாந்துல பள்ளி முடிச்சுட்டு ஒரு வருஷம் ஊர் சுத்தினா அதுக்கு கேப் இயர்னு பேரு, ரெஸ்யூமேல போட்டுக்கறாங்க. நாங்க ஒரு வருஷம் உட்கார்ந்து இன்னொரு மொழி கத்துக்கிட்டா மட்டும் அது பின்தங்கலா? எந்த ஊர்ச் சட்டம் சார் இது?"

"நான் கேவலமா சொல்லலை..." கமலநாதன் நெற்றியைத் தடவினார். "எனக்குப் புரியாமலா டீச்சர்? காலையில பெரிய வகுப்புங்க காத்தாட உட்கார்ந்துட்டுப் போய்டும். ஒரு மணிக்கு மேல, அந்தத் தகரக் கூரைக்குக் கீழ, பின்பக்கக் கட்டடத்துல நம்மளைப் போட்டு, போறவன் வர்றவன்லாம் 'புடாக் ரிமூவ், ரிமூவ் பசங்க'ன்னு..."

சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

ஹேமா தலையை நிமிர்த்தினாள். உஷாராணி கண்ணாடியைக் கழற்றினாள்.

"தகரக் கூரைன்னு நான் சொல்லலையே சார். பின்பக்கக் கட்டடம்னும் சொல்லலை. 'நம்மளை'ன்னு நீங்கதான் சொன்னீங்க. எந்த வருஷம்?"

"எண்பத்து மூணு" என்றார் அவர், தன் சட்டைப் பொத்தானிடம் சொல்வது போல. "பிரிக்பீல்ட்ஸ்ல. லண்டனுக்கு மனு போட்டப்ப அந்த வருஷத்தை விட்டுட்டேன். அப்புறம் எல்லா இடத்துலயும் விட்டுட்டேன்."

உஷாராணி எழுந்து அட்டவணைக்குப் பக்கத்தில் போனாள். மலேசியா வரிசையில் விரலை வைத்தாள். தொடக்கப்பள்ளிக்கு நீல நிறத்தில் ஆறு கட்டம், அதை ஒட்டி இடைநிலைப்பள்ளிக்குப் பச்சை நிறத்தில் ஐந்து. இடையில் ஒரு மயிரிழை கூட இல்லை.

"ஆறு நாட்டுக் கதையும் எழுதியிருக்கீங்க. உங்க கதைக்கு இடம் விடலையே சார்."

"இப்ப முக்கால்வாசிப் பிள்ளைங்க அதுல உட்காராமலே போறாங்க டீச்சர்."

"உட்கார்ந்தவங்க நாம செத்தா போய்ட்டோம்? சார், நான் ஒண்ணு சொல்றேன். இந்த வேலை எனக்கு வேணும். இல்லாட்டி வீட்டுல மனுஷன் என்னைப் பார்த்து ஓடிருவார். ஆனா அந்த வரி இல்லாம என் பேர் மட்டும் வலைத்தளத்துல வராது. வரியோட எடுத்துக்கறதா இருந்தா எடுத்துக்குங்க. இல்லைன்னா ஹேமா, அந்தத் தாளைக் குடும்மா, என் வீட்டுக்காரர் கீழ காடியை நிறுத்திட்டு உட்கார்ந்திருக்கார், கிள்ளானுக்குப் போய்டறேன்."

கை நீட்டிக்கொண்டே நின்றாள். ஹேமா தாளைக் கொடுக்கவில்லை. இரண்டு கையாலும் அதை மேசையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு கமலநாதனைப் பார்த்தாள்.

அவர் எழுந்து வந்து, சட்டைப்பையிலிருந்த பென்சிலை எடுத்து, நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவே இருந்த கோட்டின் மேல், கிட்டத்தில் போய்ப் பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி, சின்னதாக ஒரு கட்டம் போட்டார். உள்ளே 'ரி' என்று ஓர் எழுத்து.

"திங்கக்கிழமை ஏழு இருபதுக்கு வந்துடுங்க" என்றார், திரும்பாமலே. "சொயோன் வகுப்புதான். அந்த வரி இருக்கட்டும்."

உஷாராணி கைப்பையைத் திறந்தாள். இருபத்தாறு வருஷம் பிள்ளைகளின் நோட்டுத் திருத்திய பழக்கத்தில், அதில் எப்போதும் ஒரு சிவப்புப் பேனா கிடக்கும். மூடியைக் கழற்றி அவர் முன்னால் நீட்டினாள்.

"பென்சில் வேணாம் சார். அழிஞ்சுடும். இதால போடுங்க."