அம்மா போட்ட கமெண்ட்

விடுதியின் சலவை அறையில் இருந்த மூன்று மிஷின்களில் நடுவில் இருந்தது அன்றைக்கு அடம்பிடித்தது. உள்ளே படுக்கை விரிப்புகள் அழுக்குத் தண்ணீரில் ஊறிக் கிடக்க, மிஷின் ஒரு சொட்டு வெளியே விடவில்லை. அம்மாவோடு வேலை பார்க்கிற பொன்னக்கா போனை எடுத்துத் தேடி ஒரு வீடியோவை ஓடவிட்டாள்.

"மோட்டாரை நோண்டாதீங்க. கீழ சின்னதா ஒரு மூடி இருக்கு பாருங்க, அதைத் திருகுங்க. தண்ணி கொட்டும், அப்புறம் என்னைத் திட்டக் கூடாது" என்றது ஒரு குரல்.

இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அம்மா அப்படியே நின்றாள். துணி கருகிய வாடை வந்த பிறகுதான் பெட்டியைத் தூக்கினாள். வீடியோவில் முகம் இல்லை, இரண்டு கைகள் மட்டும்தான். வலது கட்டைவிரல் நகம் நடுவில் பிளந்து வளர்ந்திருந்தது. சின்ன வயதில் கதவிடுக்கில் மாட்டி நசுங்கிய விரல். அவளுடைய மகனின் விரல்.

நாலு வருடமாக அவனைப் பற்றி யாரும் அவளிடம் பேசியதில்லை. குடும்பமே சேர்ந்திருந்த மதச் சபையை விட்டு வெளியே வந்தவர்கள் எழுதியதை அவன் நெட்டில் படித்திருந்தான். படித்ததோடு விடாமல், கூட்டத்தில் எழுந்து, சபைத் தலைவரிடமே, "இதெல்லாம் உண்மையா ஐயா?" என்று கேட்டுவிட்டான். அந்த வாரமே அவனை நீக்கினார்கள். நீக்கப்பட்டவன் செத்தவனுக்குச் சமம். ஒருமுறை கடைத்தெருவில் எதிரே வந்தான். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டே கடந்து போனாள்.

அதற்குப் பிறகு ஐயா பேச்சுக்குப் பேச்சு நெட்டைப் பற்றித்தான் எச்சரித்தார். "உங்க கையில இருக்கிறது போன் இல்ல, சாக்கடை மூடி. திறந்தா நாத்தம் உங்க வீட்டுக்குள்ளதான் வரும்." ஒவ்வொருவரின் போனையும் வாரம் ஒருமுறை பார்க்க இன்னொருவரைக் காவலாகப் போட்டார்கள். அம்மாவுக்குக் காவல் அவளுடைய மகளேதான். வீட்டுக்குள்ளேயே முடிகிற வேலை என்று இருவருக்கும் அப்போது நிம்மதியாகக்கூட இருந்தது.

மிஷின் சரியாகிவிட்டது. அம்மா பொன்னக்காவிடம் எதையும் சொல்லவில்லை. "அந்த ஆள் வேற என்னவெல்லாம் சொல்லித் தர்றான், போடேன்" என்று மட்டும் தினமும் டீ நேரத்தில் கேட்டாள்.

"உன் வீட்டுல மிஷினே கிடையாதே! ரிப்பேர் கத்துக்கிட்டுக் கடை போடப் போறியா?" என்று பொன்னக்கா சிரித்தாள்.

ஒரு வீடியோவில் மகன் பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் ஒரு குழந்தை அழுதது. "ஒரு நிமிஷம் இருங்க, எங்க வீட்டு முதலாளியம்மா எழுந்துட்டாங்க" என்று அவன் எழுந்து போனான். அவ்வளவுதான். அந்த அழுகையை அம்மா திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள். மறுநாள் பொன்னக்கா லீவு. அம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தன் போனிலேயே தேடினாள்.

அந்த வாரம் மகள் போனை வாங்கிப் பார்த்தபோது அந்த வீடியோ அதில் இருந்தது.

"அழிச்சுடுடி. நீ பாக்கலன்னு நெனச்சுக்கோ" என்றாள் அம்மா.

"ஐயா நேருக்கு நேரா கேப்பாரும்மா. நான் பொய் சொல்லணுமா?"

"அவன் உன் அண்ணன். குழந்தை பொறந்திருக்குடி."

"எனக்கு அண்ணன் கிடையாது." அடுத்த மாதம் ஐயாவின் தம்பி மகனோடு அவளுக்குக் கல்யாணம். "என் வாழ்க்கையைக் கெடுத்துடாதம்மா."

மகள் போய்ச் சொன்னபோது ஐயா கத்தவில்லை. கத்துகிற ஆளும் இல்லை. அம்மாவை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, அந்த வீடியோவை முழுவதும் பொறுமையாகப் பார்த்தார். குழந்தை அழுத இடத்தில் புன்னகைகூடச் செய்தார்.

"உங்களை நான் தண்டிக்கப் போறதில்லம்மா. நீங்களே கதவைச் சாத்திடுங்க. இதுக்குக் கீழ ஒரு கமெண்ட் போடுங்க."

அவர் சொல்லச் சொல்ல அம்மா எழுதினாள். 'நான் உன் அம்மா. நீ எங்களுக்குச் செத்துட்ட. உன் குழந்தையும் அப்படித்தான்.' விரல் எழுத்துகளில் தடுமாறிய இடத்தில் மகள் திருத்திக் கொடுத்தாள்.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. ஐயா அதைச் சத்தமாகப் படித்தார்: "'எங்கம்மா இப்படிப் பேசமாட்டா. யாருடா நீ, அவ பேரை வச்சு விளையாடுறது?'"

அம்மாவுக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. அவன் நம்பவில்லை. அது போதும் அவளுக்கு. ஐயா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்பவைக்கணுமேம்மா. உங்க ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்ச விஷயம் ஏதாவது இருக்குமே?"

"எதுவும் இல்லைங்க."

"இருக்கு" என்றாள் மகள் மெதுவாக. "ஏதோ ஒண்ணு இருக்கு. என்கிட்ட சொன்னதில்ல."

ஐயா காத்திருந்தார். மகளின் கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மகளை மட்டும் ஒருமுறை பார்த்தார். மகள் அழ ஆரம்பித்தாள்.

அம்மா எழுதினாள். 'பெரிய பையனாகியும் நீ படுக்கையில ஒண்ணுக்குப் போவ. உங்கப்பாவுக்குத் தெரியாம நான்தான் துவைச்சுக் காயப்போட்டேன். நான்தான்டா எழுதுறேன்.'

அதற்கு அவன் பதில் எழுதவில்லை. முன்பின் தெரியாதவர்கள் எழுதினார்கள். சிரிக்கிற பொம்மைகளை வரிசையாகப் போட்டார்கள். 'அண்ணே, மெத்தை ஈரமானா எந்த மூடியைத் திருகணும்?' என்று ஒருவன் கேட்டிருந்தான். சாயங்காலத்துக்குள் அவனுடைய எல்லா வீடியோக்களும் காணாமல் போயின. மறுபடி வரவேயில்லை.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அதற்குப் பிறகு ஐயா அம்மாவை ஊர் ஊராகக் கூட்டிப்போனார். மேடையில் மைக்கைப் பிடித்து, ஒரு வீடியோ ஒரு தாயை எங்கே கொண்டுபோய்த் தள்ளும் என்று அவள் சொல்வாள். முதல் தடவை குரல் வரவில்லை. போகப் போக நன்றாகவே வந்தது. எந்த இடத்தில் நிறுத்தினால் பெண்கள் அழுவார்கள் என்றுகூடத் தெரிந்துவிட்டது.

ஒரு கூட்டம் முடிந்ததும் கைகழுவும் இடத்தில் பூக்கடை வைத்திருக்கும் ஒருத்தி அவள் பின்னால் வந்து நின்றாள். யாரும் வரவில்லையே என்று பார்த்துக்கொண்டாள்.

"அக்கா, என் பொண்ணையும் நீக்கிட்டாங்க. எப்படித் தேடினீங்க? ஒரே ஒரு தடவை முகத்தைப் பாத்துட்டு மூடிடுறேன்."

"உன் காவல் யாரு?"

"நாத்தனார். தெரிஞ்சா என்னைக் கொன்னே போட்டுடுவா."

அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு அவளுடைய போனை வாங்கினாள். எங்கே பெயரை அடிக்க வேண்டும், எதைத் தொட வேண்டும் என்று பொறுமையாகக் காட்டிக் கொடுத்தாள். பெண்ணின் படம் வந்தது. தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு, யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பூக்கடைக்காரி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அம்மாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அம்மா அவள் அழுது முடிக்கும்வரை கூடவே நின்றாள். பிறகு கூடத்துக்குப் போய், சாப்பிட உட்கார்ந்திருந்த ஐயாவிடம் குனிந்து, "அந்தப் பூக்கடைக்காரியோட போனைக் கொஞ்சம் வாங்கிப் பாருங்க" என்றாள்.

சொல்லிவிட்டு நிமிர்ந்தபோது அவளுக்குப் பசித்தது. பல மாதங்களுக்குப் பிறகு நன்றாகப் பசித்தது. ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றாள்.