மூச்சு வாங்காமல்

கீழ்வேளூருக்குத் தெற்கே இருக்கிற அந்த ஊரில் பொம்பளை ஓடினால் எங்கோ சாவு விழுந்திருக்கிறது என்று அர்த்தம். ரெமிஜியஸின் பெண்டாட்டி அருள்செல்விக்கு மட்டும் விலக்கு. அவள் ஓடினால் குவைத்திலிருந்து போன்.

தொண்ணூற்றைந்தில் ஊருக்கெல்லாம் ஒரே போன், மெயின்ரோட்டில் சேக் தாவூதின் பூத்தில். ரெமிஜியஸ் அங்கே கூப்பிட்டுச் சொல்லிவிட்டு வைத்துவிடுவான். தாவூது சைக்கிளில் வந்து அவள் வாசலில் மணியடிப்பார். பின்னால் ஏறிப் போகலாம்தான், ஊர் வாயை யார் மூடுவது? சைக்கிள் வந்துசேரும் நேரத்தையும் கணக்குப் போட்டு, மணியடித்த பதினைந்தாவது நிமிடம் ரெமிஜியஸ் மறுபடி போடுவான். எடுக்க ஆளில்லை என்றால், குவைத்தில் வரிசையில் பின்னால் நிற்பவன் ரிசீவரைப் பிடுங்கிக்கொள்வான். வாய்க்கால் கரையில் இரண்டு கிலோமீட்டர். முதல் தடவை அவளுக்குப் பத்தொன்பது நிமிடம் ஆனது. பூத்துப் படியில் உட்கார்ந்து வெட்கத்தை விட்டு அழுதாள்.

மறுநாளே ஆரம்பித்துவிட்டாள். பால் சொசைட்டியில் பாலை ஊற்றிவிட்டு, திரும்பும்போது காலித் தூக்குவாளியோடு ஒரு மதகிலிருந்து அடுத்த மதகு வரை ஓட்டம். அடுத்த வாரம் இரண்டு மதகு. புடவையை எங்கே செருகினால் தடுக்காது, சேற்றில் எப்படிக் கால் வைத்தால் வழுக்காது, எல்லாம் பிடிபட்டது. பதினாறு நிமிடம், பதினான்கு, பன்னிரண்டு. பதினொன்றுக்கு வந்த அன்று பூத்தில் நான்கு நிமிடம் சும்மா நின்றாள். சந்தோஷம் தாங்கவில்லை. போனுக்காக ஓடியது போய், ஓடுவதற்குத்தான் போன் என்றாகியிருந்தது. இனி பத்தைத் தொட வேண்டும். மாதாவிடம்கூட அதைத்தான் கேட்டாள்.

"ஓடியா வந்தே? இப்படி மூச்சு வாங்குதே" என்பான் ரெமிஜியஸ். குரல் குழையும்.

அந்த மூச்சுக்கு இரங்கித்தான் அவன் வீட்டுக்கே போன் வைக்க ஏற்பாடு செய்தான். இரண்டு வருடம் கழித்துக் கூடத்தில் சிவப்பாக வந்து உட்கார்ந்தது.

"இனிமே நீ ஓட வேணாம். பாலுக்கு ஆள் வச்சுக்க. நான் எப்ப வேணா போடுவேன், வீட்டுலயே இரு."

நல்ல மனுஷன், பிரியமாகத்தான் பூட்டினான். திட்டவும் வழியில்லை என்பதுதான் கொடுமை.

ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஒருநாள் கரையில் ஓடிவிட்டு வந்தால் போன் அலறிக்கொண்டிருந்தது. "மூணு தடவ போட்டேன், எங்க போனே?" வெளியே ஓடுவது அதோடு முடிந்தது. பிள்ளை குட்டி இல்லாத வீடு. தெருக்கதவைச் சாத்திக்கொண்டு கூடத்துக்கும் கொல்லைக் கதவுக்கும் ஓட ஆரம்பித்தாள். மூன்றாம் நாள் பாதி ஓட்டத்தில் போன் அடித்தது.

"ஏன் மூச்சு வாங்குது?"

அதே கேள்விதான். குழைவு மட்டும் இல்லை.

"வேலையா இருந்தேங்க."

"வீட்டுல வேற யாரு இருக்கா?"

"யாருமில்லைங்க."

பட்டென்று வைத்துவிட்டான். அன்று முதல் நேரம் காலம் இல்லாமல் போன் வந்தது. அருள்செல்விக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆனாலும் ஓட்டத்தை விடவில்லை.

இப்போது அவளுக்கு வேறு இலக்கு. ஓட்டத்தின் நடுவில் போன் அடித்தால் பக்கத்தில் போய் நின்று, மூச்சு அடங்கிய பிறகே எடுக்க வேண்டும். முதலில் ஏழாவது மணியில்தான் எடுக்க முடிந்தது. இந்த வாரம் நான்கு. இரண்டுக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று நம்பிக்கை இருக்கிறது.